நம்ம வண்டியிலயே போலாமுங்ண்ணா

"மைசூருக்குள்ள சுத்துறதுக்கு எது தோதுப்படும்? நீயே சொல்லு அம்முணி. ஊர் ஊராப் போயிட்டு வர்றவ நீதான்."

மருதாசலம் இப்படிக் கேட்டதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வசந்தாமணியைப் பார்த்தார்கள். கேட்கும்போதே அவருடைய வாயோரத்தில் சிரிப்பு தயாராக நின்றது. இவள் என்ன சொன்னாலும் அதன் வாலைப் பிடித்து அந்தப் பழைய கதையை இழுத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். நாலு வருசமாகத் தெரியும்.

வாசலில் புது வேன் நின்றது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை மருதாசலத்துடையது. ஊரான் லாரிக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவர் இந்த முறை சொந்தக் குடும்பத்துக்கு என்று ஒன்றைக் கட்டியிருந்தார். உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரம். கூரைமேல் சாமான் கட்டக் கேரியர், அதற்கும் மேலே குலதெய்வத்தின் பெயர் எழுதிய பலகை. கடைசி வரிசையில் அவர் படுத்துத் தூங்க ஒரு மெத்தை, அதை மறைக்கப் பச்சைத் திரை. பின்கதவில் பட்டறையின் பெயரும் போன் நம்பரும், எதிர்க்கரையில் நிற்பவனுக்கும் தெரிகிற அளவுக்கு.

வசந்தாமணி திரும்பி வேனை ஒரு தடவை பார்த்தாள்.

"நம்ம வண்டி இருக்கறப்ப எதுக்குங்ண்ணா வேற? நம்ம வண்டியிலயே போலாமுங்ண்ணா" என்றாள்.

அவளுடைய கணவர் கதிர்வேல் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். காலையில் மோகனூரிலிருந்து கிளம்பும்போது அவரிடம் அவள் சொன்னது வேறு. தசரா சமயத்தில் அந்த ஊருக்குள் பாதித் தெரு அடைத்திருக்கும். மீதித் தெரு ஒருவழி. அரண்மனையைச் சுற்றி ரோட்டுக்குக் குறுக்கே லைட் கட்டியிருப்பார்கள். இவ்வளவு உயர வண்டியைக் கொண்டுபோனால் தெருமுனையிலேயே நிற்க வேண்டியதுதான் என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். இப்போது மாற்றிச் சொல்கிறாள். கதிர்வேல் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தார். பேசாமல் இருப்பது அவருக்குக் கைவந்த வேலை.

"அப்படிச் சொல்லு!" என்று மருதாசலம் தொடையில் தட்டினார். "டவுன் பஸ்ஸுல தொங்கறவங்களே சொல்லியாச்சு. ஆனா ஒண்ணு அம்முணி, கெளம்பறப்ப மறக்காம ஏறிக்கோணும், ஆமா."

கூடம் சிரித்தது. வசந்தாமணியும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது நிஜமான சிரிப்பு.

நாலு வருசத்துக்கு முன்னால் இதே குடும்பம் இதே மைசூருக்கு, ஒரு வாடகை வேனில் போயிருந்தது. மிருகக்காட்சி சாலையைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, மருதாசலத்தின் மனைவி அன்புச்செல்விக்குச் சோறு கட்டிவந்த தன் தூக்குப்போசி நினைவு வந்தது. அன்புச்செல்வி கதிர்வேலின் அக்கா. வசந்தாமணிக்கு நங்கை முறை. "உள்ளார பெஞ்சுமேல வெச்சுட்டனே, ஓடிப்போயி எடுத்தாந்துரு கண்ணு" என்றாள். வசந்தாமணி ஓடினாள். கைப்பை சீட்டில் இருந்தது, போன் பைக்குள் இருந்தது. போசியோடு அவள் திரும்பி வந்தபோது, வேன் நின்ற இடத்தில் வேறு வேன் நின்றது.

கேட்டுப் பக்கத்தில் பூ விற்றவளின் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த ஒரே நம்பரைப் போட்டாள். அது அவளுடைய நம்பர்தான். கோயிலில் சத்தத்தை அடைத்த போன் கைப்பைக்குள் சும்மா கிடந்து நடுங்கியிருக்கும், யாருக்கும் கேட்கவில்லை. வெயில் சாய்கிற வரைக்கும் போசியைக் கட்டிக்கொண்டு அந்தக் கேட்டுக்கு எதிரிலேயே நின்றாள். பாஷை தெரியாது. போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வேன் நஞ்சன்கூட்டில் டீக்கு நின்றிருக்கிறது. எல்லோர் கையிலும் கிளாஸ் வந்த பிறகும் தட்டில் ஒரு டீ மிஞ்சியிருக்கிறது. யாருடைய டீ என்று தேடியபோதுதான் அவள் இல்லை என்பதே தெரிந்திருக்கிறது. கதிர்வேலின் கோழிப்பண்ணையில் காலையில் ஒரு கோழி குறைந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. பெண்டாட்டி குறைந்ததை ஒரு டீ வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். திரும்பி வந்த வேன் பக்கத்தில் நின்றபோது மருதாசலம் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, வண்டி கெளம்பறது தெரியலியா?" என்றார். கதிர்வேல் சிரித்தார். இந்த இரண்டையும்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்த விசேஷமானாலும் மருதாசலம் பந்தியில் நின்று சத்தம் போடுவார். "ஏனுங்க, வசந்தாமணிக்கு எல போட்டீங்களா? அவ மைசூருலயே நிக்கறாளோ என்னமோ!" காதுகுத்து, வீடு குடிபுகுதல், சாவு வீட்டுக் காரியம், ஒன்று விடவில்லை. அவளுடைய மகள் கல்யாணத்தில் மைக்கை வாங்கிச் சொன்னார். மறுவீட்டுக்குப் போனபோது சம்பந்தியம்மாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்த மைசூருல உட்டுட்டு வந்தது உங்களத்தானுங்களா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணமில்லாமல்தான் கேட்டாள். அந்தக் காபியை வசந்தாமணி முழுக்கக் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இந்தக் கதையைத் தன் பெயரிலிருந்து எடுத்து அவர் பெயரில் எழுதாமல் விடுவதில்லை.

அதற்கு முதலில் ஊர் சுற்றக் கற்றுக்கொண்டாள். மோகனூரில் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு முதலில் பழனி, பிறகு மதுரை, அப்புறம் மைசூர். அவள் வழி எளிது. ஊரின் விளிம்பு வரை எதில் வேண்டுமானாலும் போகலாம்; உள்ளே நுழைந்ததும் அந்த ஊர்க்காரன் எதில் போகிறானோ அதில் ஏறிவிட வேண்டும். மலைக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் டவுன் பஸ். மார்க்கெட்டுக்கு நடை. குதிரை வண்டி ஆசைக்கு ஒரு சுற்று, அவசரத்துக்கு ஆகாது. ஆட்டோவில் ஏறுமுன் பூ விற்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி கிளம்புமுன் தலையைத் தொட்டு எண்ணுவாள், நிஜமாகவே தொட்டு. அவளோடு போன எந்தப் பெண்ணும் எந்தக் கேட்டுக்கு எதிரிலும் நின்றதில்லை.

மைசூருக்கு அவள் இரண்டு தடவை போய்விட்டாள். இரண்டாம் தடவை அந்தப் பூக்காரியைத் தேடிப்போய், பண்ணையிலிருந்து எடுத்துப்போன முட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் புது வேன் கிளம்பியது. பட்டறை டிரைவர் முருகானந்தம் ஓட்டினான். மருதாசலம் முன்சீட்டில், அன்புச்செல்வி, மகன் குடும்பம், பேத்தி கனிஷ்கா, இன்னும் இரண்டு வீட்டு உறவுகள். திம்பம் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் கனிஷ்கா வாந்தி எடுத்ததைத் தவிர வழியில் குறையில்லை. மைசூர் எல்லையைத் தொடும்வரை மருதாசலம் தன் வண்டியின் புகழைப் பாடிக்கொண்டே வந்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் பாட்டு நின்றது. முதல் திருப்பத்திலேயே போலீஸ்காரர் கையைக் காட்டித் திருப்பிவிட்டார். அடுத்த திருப்பம் ஒருவழி. அதற்கடுத்த தெருவில் தோரணமாகக் கட்டியிருந்த லைட் வளைவு வேனின் தலைக்கு ஒரு சாண் கீழே தொங்கியது. முருகானந்தம் பிரேக்கை மிதித்தான்.

"போடா, போகும்" என்றார் மருதாசலம்.

"சாமி பலக இடிக்கும்ங்க மொதலாளி."

"பலகையக் கழட்டு."

"கேரியரும் இடிக்கும்ங்க."

பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ரிவர்ஸ் எடுக்க இடமில்லை. மருதாசலமே கீழே இறங்கி, பட்டறையில் லாரியைத் திருப்புகிற பழக்கத்தில் "வா வா வா, ரைட்டு, ஒடி" என்று கத்தினார். பழ வண்டிக்காரன் கன்னடத்தில் அவரை என்னவோ சொன்னான். அது பாராட்டு இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. ஒரே சிலையை மூன்று தடவை சுற்றினார்கள். மூன்றாம் தடவை கனிஷ்கா அந்தச் சிலைக்கு டாட்டா காட்டினாள்.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தைக் காட்டி அனுப்பினார்கள். அன்றைய பொழுது அந்தப் புழுதியில் போயிற்று. அரண்மனையின் விளக்கை மரங்களுக்கு மேலே ஒரு வெளிச்சமாகத்தான் பார்த்தார்கள். மைதானத்தை ஒட்டி ஒரு லாட்ஜில் தங்கினார்கள்.

மறுநாள் காலை இட்லி தின்றுகொண்டிருக்கும்போது கனிஷ்கா அழுதாள். "யானையே பாக்கல. எங்க கிளாஸ் தீபிகா எல்லாம் பாத்துட்டா."

"வண்டி எடுத்துட்டுப் போலாம் சாமி. இன்னைக்குக் கூட்டம் இருக்காது" என்றார் தாத்தா.

வசந்தாமணி கையைக் கழுவிவிட்டு வந்தாள். "நான் இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு டவுன் பஸ்ஸுல போயிட்டு வாரேனுங்ண்ணா. வர்றவங்க வாங்க."

மருதாசலத்தின் மருமகள் உடனே எழுந்தாள். மகன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே எழுந்தான். உறவுகள் எழுந்தார்கள். அன்புச்செல்வி புருசனையும் பஸ் போகிற திசையையும் மாறிமாறிப் பார்த்தாள். "நான் அந்த யானையப் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்று அவளும் எழுந்தாள். கதிர்வேல் எப்போதோ செருப்பு போட்டாயிற்று.

"போங்க, போங்க. பஸ்ஸுல மிதிபட்டுட்டு வாங்க. நான் என்ற வண்டிய உட்டுட்டு வரமாட்டேன்" என்றார் மருதாசலம்.

அவர் வரமாட்டார் என்பதும் வசந்தாமணிக்குத் தெரிந்த கணக்குதான். அவரைக் கெஞ்சிக் கூப்பிட ஒருத்தரும் இல்லாமல் போனதுதான் அவளே எதிர்பாராத லாபம்.

அவர்கள் யானை பார்த்தார்கள், ஒட்டகச்சிவிங்கி பார்த்தார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அரண்மனைக்குள் போய் வந்தார்கள். மார்க்கெட்டில் குங்குமக் குவியலுக்கு முன்னால் கனிஷ்கா அசையாமல் நின்றாள். அன்புச்செல்வி மல்லிகைக்குப் பேரம் பேசித் தோற்றாள். ஒவ்வொரு இடத்திலும் ஏறுமுன் வசந்தாமணி தலையைத் தொட்டு எண்ணினாள்.

"ஏன் வசந்தா, இவ்வளவு சுலுவா? நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"அண்ணன் புது வண்டி கட்டி ஆசையா வந்தாரு நங்கை. நான் எப்படிச் சொல்றது?"

நடுவில் மருதாசலம் போன் மேல் போன் போட்டார். எங்கே என்று கேட்டால் வசந்தாமணி ஒளிக்காமல் சொன்னாள். அவர் தன் கவுரவத்துக்குக் குறைவில்லாத ஒன்று வேண்டுமென்று குதிரை வண்டியில் ஏறி அரண்மனைக்கு வந்தபோது இவர்கள் மார்க்கெட்டில் இருந்தார்கள். மார்க்கெட்டுக்கு வந்தபோது பஸ்ஸில் இருந்தார்கள். குதிரை, அது பாட்டுக்கு ஒவ்வொரு முக்கிலும் நின்று சாணி போட்டது. மைதானத்துக்கு அவர் திரும்பிச் சேரும்போது எல்லோரும் வேன் நிழலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். கனிஷ்கா யானை தும்பிக்கையை ஆட்டிய விதத்தைத் தாத்தாவுக்கு நடித்துக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"ஏறுங்க, ஏறுங்க. இருட்டறதுக்குள்ள திம்பம் எறங்கோணும்" என்று மட்டும் சொன்னார். போனை முன்னால் சார்ஜில் போட்டார். கடைசி வரிசைக்குப் போய் மெத்தையில் விழுந்து பச்சைத் திரையை இழுத்துவிட்டார்.

சாமான்களைக் கட்டி எல்லோரும் ஏறினார்கள். யார் சீட்டு யாருக்கு என்று ஒரு சச்சரவு நடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வசந்தாமணி அப்போது ஒன்றைப் பார்த்தாள். மருதாசலம் பின்கதவைத் திறந்து இறங்கினார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கையில் தண்ணீர் பாட்டிலோடு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த கக்கூசைப் பார்த்து நடந்தார். பகல் முழுக்க அடக்கிவைத்திருந்த நடை.

திரை மூடியே இருந்தது.

இதை அவள் திட்டமிடவில்லை. ஊருக்குள் அவர் வண்டி சிக்க வேண்டும், அவர் மானம் சந்தியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம். இது தானாக வந்து மடியில் விழுந்தது.

முருகானந்தம் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். "அக்கா, எல்லாரும் ஏறியாச்சுங்களா?"

அவளைத்தான் கேட்டான். காலையிலிருந்து எண்ணியவள் அவள்தானே.

வசந்தாமணி எழுந்தாள். முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போனாள். பச்சைத் திரைக்கு முன்னால் நின்றாள். வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான். மகள் கல்யாணத்தில் மைக்கில் கேட்ட அந்தக் குரல் அவள் காதில் ஒலித்தது. சம்பந்தியம்மாளின் காபி நாக்கில் கசந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"போலாம் முருகானந்தம்."

வேன் நகர்ந்தது. கக்கூஸ் பக்கம் யாரோ கையை ஆட்டியது போலிருந்தது. புழுதியில் சரியாகத் தெரியவில்லை. அவளும் உற்றுப் பார்க்கவில்லை.

நஞ்சன்கூட்டில் டீக்கு நின்றார்கள். வசந்தாமணியே போய்ச் சொல்லி, வாங்கி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். தட்டில் மிச்சமில்லை.

"மொதலாளிக்குங்க?" என்றான் முருகானந்தம்.

"தூங்கட்டும் உடு. எழுப்புனா நம்மளத் தின்னுபுடுவாரு" என்றாள் அன்புச்செல்வி.

அப்போதுதான் முருகானந்தத்தின் போன் அடித்தது. நாமக்கல் பட்டறையிலிருந்து மேஸ்திரி தீர்த்தகிரி. முருகானந்தம் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏப்பா முருகானந்தம், மொதலாளி உங்க வண்டியிலதான இருக்காரு?"

"ஆமாண்ணா, பின்னால தூங்கறாரு."

"அவரு எங்கப்பா தூங்கறாரு? மைசூர் மைதானத்துல நிக்கறாராமா! எவனோ ஒருத்தன் போனு வாங்கிப் பட்டறைக்குப் பேசறாரு!"

தீர்த்தகிரிக்குப் பின்னால் பெரும் சிரிப்பு கேட்டது. ஆயுத பூஜைக்குள் பெயின்ட் அடித்து வாங்கிவிட வேண்டுமென்று லாரி முதலாளிகள் பட்டறையை மொய்க்கிற நாள் அது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, எல்லா ஊர் முதலாளிகளும் அங்கே நின்றிருந்தார்கள். மருதாசலத்துக்கு மனைவி நம்பரும் தெரியாது, மகன் நம்பரும் தெரியாது. ஆயுசு முழுக்கப் பின்கதவுகளில் எழுதிய அந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம். அதைப் போட்டுவிட்டார்.

அன்புச்செல்வி வேனுக்குள் ஓடித் திரையை விலக்கினாள். தலையணையும் ஒரு துண்டும் கிடந்தன. "அய்யோ, என்ற சாமி!" என்று நெஞ்சில் கையை வைத்தாள். கனிஷ்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேன் திரும்பியது. மைதானத்துக் கேட்டுக்கு எதிரில் மருதாசலம் காலிப் பாட்டிலோடு நின்றார். சட்டை முழுக்கப் புழுதி. நிற்கிற விதம் வசந்தாமணிக்குப் பழக்கமான விதம்; எந்தக் காலில் பாரத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று தெரியாத விதம். ஒரு கணம் கதவைத் திறந்து இறங்கப் போனாள். அந்த ஒரு கணம்தான்.

ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏனுங்ண்ணா, வண்டி கெளம்பறது தெரியலீங்களா?"

மருதாசலம் அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொன்னால் பழைய கதையை அவரே எடுத்தது போலாகும். ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். மலை இறங்கும்போது கனிஷ்கா தூக்கத்தில் யானை என்றாள்.

ஐப்பசியில் ராசிபுரம் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி உட்கார்ந்து சாம்பார் ஊற்றுகிற நேரத்தில், சங்ககிரி லாரி முதலாளி சின்னுசாமி எழுந்து நின்று மண்டபம் அதிரக் கேட்டார். "ஏனுங்க, மருதாசலத்துக்கு எல போட்டீங்களா? இல்ல, இன்னும் மைதானத்துலயே நிக்கறாரா?"

மருதாசலம் இலையைப் பார்த்தபடி அப்பளத்தை நொறுக்கினார். வசந்தாமணி பாயசம் இரண்டாம் தரம் வாங்கினாள். அன்றைக்கு அவள் பேரை யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பைக்கில் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மோகனூர் ரோட்டில் கரும்பு லாரி ஒன்றுக்கு ஒதுங்கி நின்றபோது கதிர்வேல் கழுத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"அன்னைக்கு மைதானத்துல தலையத் தொட்டு எண்ணுனியே. எத்தன வந்துச்சு?"

"ஒண்ணு கொறஞ்சுதுங்க."

கரும்பு லாரி கடந்து போனது. "எனக்கும் ஒண்ணு கொறஞ்சுது" என்றார் அவர். அவள் பக்கம் சேர்ந்துவிட்ட நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

அந்தச் சிரிப்பை வசந்தாமணிக்குத் தெரியும். நாலு வருசத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு.

"அப்ப நாலு வருசத்துக்கு முன்னாலயும் எண்ணியிருப்பீங்க?"

கதிர்வேல் கிக்கரை உதைத்தார். முதல் உதையில் வண்டி கிளம்பவில்லை. இரண்டாம் உதையிலும் கிளம்பவில்லை.

"தையில மதுரைக்குப் போலாமுங்களா?" என்றாள் அவள், மெதுவாக, அவர் தோளில் கையை வைத்து. "நாம ரெண்டு பேரு மட்டும். டவுன் பஸ்ஸுலயே சுத்திக்கலாம். போனெல்லாம் என்ற பையிலயே இருக்கட்டும்."